செல்போன் செத்த பிறகு பேசிய மலை

2024 செப்டம்பர் 27 காலை, ஹெலீன் புயல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்கு மலைகளில் புகுந்தது. அங்கே யான்சி கவுண்டி என்ற மலைப்பகுதி இருக்கிறது. கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 18,500தான். அதற்குள் இருக்கும் பியூசிக் என்ற இடத்தில் சில நாட்களுக்குள் 75 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. மின்சாரம் போனது, இணையம் போனது, செல்போனும் போனது. ஆபத்து என்று 911-ஐ அழைக்கக்கூட வழியில்லை.

எச்சரிக்கை ஊருக்குள் வரும் வழி அங்கே நன்றாகவே அமைந்திருக்கிறது. அமெரிக்க வானிலைத் துறையின் வானொலி, 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் இரவும் பகலும் ஒலிக்கிறது. வீட்டிலிருக்கும் வானொலிப் பெட்டியில் உங்கள் கவுண்டியின் எண்ணைப் பதிந்துவிட்டால், அந்த எண்ணுக்கு எச்சரிக்கை வரும்வரை அது சும்மா இருக்கும். யான்சிக்கு 037199. முதல் சுழியம் முழு கவுண்டியையும் குறிக்கும், 37 மாநிலம், 199 கவுண்டி. எச்சரிக்கைக்கு முன்னால் இந்த எண் கரகரவென்ற ஒலியாக மூன்று முறை வரும். இரைச்சலில் ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டை ஒப்பிட்டுப் பெட்டி புரிந்துகொண்டு அலறும். பக்கத்துக் கவுண்டிக்கு மட்டுமான எச்சரிக்கை என்றால் உங்கள் தூக்கம் கெடாது.

சரி, ஊருக்குள்ளிருந்து செய்தி வெளியே போவது எப்படி? சிக்கல் இங்கேதான்.

செல்போனைக் கம்பியில்லாத் தொடர்பு என்கிறோம். ஆனால் கைபேசியிலிருந்து கோபுரம் வரைதான் கம்பி கிடையாது. அதற்கப்புறம் பெரும்பாலும் செய்தியை ஒளியாகக் கடத்தும் கண்ணாடியிழைக் கேபிள்தான். மலைநாட்டில் சாலை ஆற்றை ஒட்டிப் போகும், இழை சாலையை ஒட்டிப் போகும். ஆறு சாலையை அரித்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். தப்பி நிற்கும் கோபுரமும் பேட்டரி தீரும் வரைதான்.

அந்த நாட்களில் கைகொடுத்தது மவுண்ட் மிட்செல் சிகரத்தில் இருந்த ஹாம் ரேடியோ ரிப்பீட்டர். ஹாம்கள் என்பவர்கள் உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்பவர்கள்; ரிப்பீட்டர் என்பது அவர்கள் பேச்சை வாங்கித் திருப்பி ஒலிபரப்பும் கருவி. சிகரத்தின் உயரம் 2,037 மீட்டர். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. ஹாம்கள் கையில் வைத்திருக்கும் கருவியின் ஆற்றல் 5 வாட் அளவுதான். அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், பள்ளத்தாக்கில் நின்று பேசினால் எதிரே இருக்கும் குன்றே மறித்துவிடும். ஆனால் சிகரம் வரை எட்டிவிட்டால் போதும். ரிப்பீட்டர் அதை 144.590 மெகாஹெர்ட்ஸில் கேட்டு, அதே நொடியில் 145.190-இல் உரக்கத் திருப்பி ஒலிபரப்பும். சுற்றிலும் கடல்மட்டத்துச் சமவெளியாக இருந்தால் அந்த உயரத்திலிருந்து 180 கி.மீ. வரை எட்டும். மலைகளுக்கு நடுவே அவ்வளவு கிடைக்காது என்றாலும் பல கவுண்டிகளுக்குக் கேட்கும்.

ரிப்பீட்டர் ஒரே நேரத்தில் கேட்கவும் பேசவும் வேண்டும், அதுவும் பொதுவாக ஒரே ஆன்டெனாவில். தவிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காதோடு சொல்லும் ரகசியத்தைக் கேட்பது மாதிரியான வேலை இது. அதனால் பெரிய உலோக உருளைகளை வடிகட்டியாக வைக்கிறார்கள். ஒவ்வொரு உருளையையும் திருகித் திருகிக் குறிப்பிட்ட அலைவரிசைக்குப் பொருத்துவார்கள். கேட்கும் பக்கத்துக்குள் சொந்தக் குரல் நுழையாதபடி அவை தடுத்துவிடும்.

கருவி மட்டும் இருந்தால் போதாது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிட்டால் இரண்டுமே கேட்காது. அதனால் ஒரே ஒருவர் கட்டுப்பாட்டு நிலையமாக இருந்து, யார் எப்போது பேசலாம் என்று சொல்வார். உயிர் ஆபத்துச் செய்தி முதலில், நலம் விசாரிப்பது பிறகு. எந்தச் சாலை அறுந்தது, யாருக்கு மருந்து தீர்ந்தது, எந்த வீட்டை யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்த ஒரே அலைவரிசையில் செய்திகள் போய்க்கொண்டிருந்தன. தொலைபேசியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இதில் ஊரே கேட்கும். வெறுமனே கேட்பதற்கு உரிமமும் தேவையில்லை.

ஒரு கிராமப்புறக் கவுண்டியின் பேரிடர்த் திட்டத்தில் ரிப்பீட்டருக்கான பேட்டரியும், அதில் பேசிப் பழகிய ஆட்களும் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பேட்டரியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், பழக்கத்தை வாங்க முடியாது. பல ஊர்களில் ஹாம்கள் வாரம் ஒருமுறை அலைவரிசையில் கூடி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பழகுவது இதற்காகத்தான். ஹாமாகப் பேச உரிமம் வாங்குவதும் கடினமில்லை. அமெரிக்காவில் தொடக்கநிலை உரிமத் தேர்வில் 35 கேள்விகள். 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. மோர்ஸ் தந்திக் குறியீட்டுத் தேர்வையும் எல்லா நிலைகளிலும் 2007-லேயே முழுவதுமாக எடுத்துவிட்டார்கள்.