தேசிய சேவை செய்தவர்களுக்கு ஹெல்தியர் எஸ்ஜி: காசு எங்கே போகிறது, எங்கே மிச்சமாகிறது

"நாட்டுக்காக ஓடினோம், நமக்கென்று ஏதாவது தனியாக இருக்குமே" என்று நம்பிக்கொண்டு மருந்தகத்துக்குப் போகும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்த சேவைச் சான்றிதழை எடுத்து நீட்டுவார்கள். முகப்பில் இருப்பவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஐசி (அடையாள அட்டை) இருக்கா அங்கிள்?" என்பார். அவ்வளவுதான். தேசிய சேவை முடித்தவர்களுக்கென்று சிங்கப்பூரில் தனி மருத்துவமனை கிடையாது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இருப்பது 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்கிற அரசாங்கச் சுகாதாரத் திட்டம். 40 வயதான குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேரலாம். அதிகாரிகள் அல்லாதவர்களுக்குத் தேசிய சேவைக் கடமை முடிவதும் பெரும்பாலும் அதே 40-இல்தான், அதாவது ஐபிபிடி என்கிற உடல்தகுதித் தேர்வு நின்று தொப்பை தொடங்கும் நேரம். ஒரே மருந்தகம், உங்களைத் தெரிந்த ஒரே டாக்டர், உங்களுக்கென்று ஒரு சுகாதாரத் திட்டம் என்பதுதான் இதன் சாரம். யோசனை நல்லதுதான், சேருகிற வழியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஹெல்த்ஹப் என்கிற அரசாங்கச் சுகாதாரச் செயலியில் சிங்பாஸ் (மின்னிலக்க அடையாளம்) போட்டு மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முடியவில்லை. முதல் சந்திப்புக்கு நீங்களாகத்தான் நாள் வாங்க வேண்டும், அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் எல்லாம் தொடங்கும். அது இலவசம், முடித்தால் 20 வெள்ளி மதிப்புள்ள 3,000 ஹெல்த்பாயிண்ட்ஸும் உண்டு. ஆனால் போனதுதான் போனோம் என்று அன்றைக்கே இருமலுக்கும் மருந்து கேட்டால், அதற்குத் தனியாக பில் வரும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே போய் "எல்லாம் நல்லா இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. துப்பாக்கிச் சத்தத்தில் மந்தமான காது, இரவில் வராத தூக்கம், மனைவி போன பிறகு வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அக்கம்பக்கத்து மூத்தோர் நிலையத்து உடற்பயிற்சிக்கு அனுப்புவதும் இந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். வாயைத் திறக்காவிட்டால் ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

அடுத்த பொறி, இலவசம் என்கிற பேச்சு. பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் குடிமக்களுக்கு இலவசம், அதுவும் நீங்கள் பதிந்த மருந்தகத்தில். வீட்டுக்குப் பக்கம் என்று வேறு மருந்தகத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டால் இந்தச் சலுகை கூட வராது. நிரந்தரவாசியாகவே தேசிய சேவையை முடித்து, இன்னும் நிரந்தரவாசியாகவே இருப்பவர்கள் கவனியுங்கள்: திட்டத்தில் சேரலாம், ஆனால் அந்த முழு இலவசம் உங்களுக்கு இல்லை. நீங்கள் இரண்டு வருஷம் சீருடை போட்டதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனால் விதி அதுதான்.

நீரிழிவு, ரத்த அழுத்தம் என்று மாதா மாதம் மருந்து வாங்குபவர்களுக்குத்தான் உண்மையான மிச்சம். சாஸ் (தனியார் மருந்தகங்களில் அரசாங்க மானியம் தரும் திட்டம்), முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அட்டை வைத்திருப்பவர்கள் பதிந்த மருந்தகத்தில் நாட்பட்ட நோய்க்கான ஹெல்தியர் எஸ்ஜி மானியத்துக்கு மாறிக்கொள்ளலாம். பட்டியலில் உள்ள மருந்துகள் அரசாங்கப் பலதுறை மருந்தக விலையை ஒட்டி வரும், மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தும்போது கைக்காசாகக் கட்டும் 15 விழுக்காடும் இருக்காது. ஆனால் இது பதிந்தவுடன் தானாக வருவதில்லை; பழைய சாஸ் மானியத்துக்குப் பதிலாகத்தான் வருகிறது, இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. நீங்கள் சாப்பிடும் மருந்துச் சீட்டை மேசையில் வைத்து, "இவை பட்டியலில் இருக்கா, மாறினால் எனக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். 1967-இல் தேசிய சேவைக்கு முதல் தொகுதியில் போனவர்கள் 1949-இல் பிறந்தவர்கள், ஆகவே பலரிடம் முன்னோடி அட்டை இருக்கும். அது கிடைத்தது பிறந்த ஆண்டாலும் குடியுரிமையாலும்தான், சேவையால் அல்ல.

அப்புறம், சேவையின்போது பட்ட காயம். அதை இதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சேவைக் காயம் என்று ஏற்கப்பட்டிருந்தால் சிகிச்சைச் செலவு தற்காப்பு அமைச்சின் பொறுப்பு. அப்படி அடிபட்ட முட்டிக்கு மெடிசேவிலிருந்து கட்டத் தொடங்கும் முன், அந்தக் காலத்து மருத்துவக் கடிதங்களைத் தேடி எடுங்கள். கேட்பவர்களுக்கு நகலைக் கொடுங்கள், அசல் வீட்டை விட்டுப் போகக் கூடாது.