சைலன்சர் கக்கும் பனிக்கட்டி

வாசகி ஒருவர் ஒரு படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார். இடம் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ். மார்மன் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகள் சொந்தச் செலவில், ஆறு மாதம் முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வரை, வெளியூர் போய் ஊழியம் செய்வது வழக்கம். அப்படிப் போன ஒரு முதிய தம்பதி தங்கள் காரருகே நிற்கிறார்கள். காரின் முகப்பிலிருந்து ஒரு மின்கம்பி தொங்கி, சுவரில் உள்ள பிளக்கில் செருகியிருக்கிறது. பின்னால் தெரு முழுக்க வெள்ளை மூட்டம். "இது மின்சாரக் காரா? அந்த வெள்ளை, பனியா புகையா?" என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

கார் பெட்ரோல் கார்தான். மைனஸ் 40 டிகிரியில் என்ஜின் ஆயில், மார்கழியில் உறைந்த தேங்காய் எண்ணெய் போல இறுகிவிடும். பேட்டரியும் பாதி செத்திருக்கும். அதனால் என்ஜினுக்குள் ஒரு சிறு ஹீட்டரைப் பொருத்திவிடுகிறார்கள். வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டரின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அந்தச் சபையின் இளம் ஊழியர்களின் வீடுகளைப் பார்த்துவரக் கிளம்ப வேண்டுமென்றால், சில மணி நேரம் முன்பே அதற்கு மின்சாரம் போக வேண்டும். அங்கே அலுவலகங்களின் வண்டி நிறுத்துமிடங்களிலும் இதற்கென்றே பிளக்குகள் உண்டு.

இனி அந்த வெள்ளைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பெட்ரோலில் இருப்பது ஹைட்ரஜனும் கார்பனும். எரியும்போது ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், ஆவியாக சைலன்சர் வழியே வெளியேறும். நம் ஊரில் இது கண்ணுக்கே தெரிவதில்லை. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று, அதாவது ஏறக்குறைய ஓர் இரும்பு பீரோ அளவுக் காற்று, 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஆறு தேக்கரண்டித் தண்ணீர்! மைனஸ் 40இல் அதே பீரோ தாங்குவது 0.12 கிராம்தான், இரண்டு மூன்று சொட்டு. அப்படியென்றால் அந்த ஒரு லிட்டர் நீரைக் கரைத்துக்கொள்ள, துளி ஈரமும் இல்லாத காற்றாக இருந்தாலும் 8,000 பீரோக்களுக்கு மேல் வேண்டும். தெருவில் அவ்வளவு இடம் ஏது?

இடமில்லாத ஆவி நுண்துளிகளாகிறது. தூசி போன்ற ஒரு பிடிமானம் கிடைக்காவிட்டால் நுண்துளி பூஜ்ஜியம் டிகிரியில் உறையாது; அதற்குக் கீழேயும் நீராகவே தாக்குப்பிடிக்கும். ஆனால் மைனஸ் 38, 40ஐ நெருங்கினால் எந்தப் பிடிமானமும் தேவையில்லை, நீர் மூலக்கூறுகள் தாமாகவே அணிவகுத்து உறைந்துவிடும். சுடச்சுட வெளிவந்த ஆவி சில நொடிகளில் இந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. ஆறு கரங்களை விரித்து வளர நேரமே இல்லாததால் அவை பனிப்பூக்களாவதில்லை. துளியின் உருண்டை வடிவிலேயே உறைந்துவிடுகின்றன. தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தப் பனிக்கட்டி மணிகள், ஒரு மீட்டர் கீழே இறங்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். நீர்த்துளியைவிடப் பனிக்கட்டி மெதுவாகவே ஆவியாகும் என்பதால் மூட்டம் எளிதில் கலைவதும் இல்லை. நம் 'பனி' என்ற சொல் எல்லாவற்றையும் அணைத்துக்கொள்ளும் என்றாலும், இதைப் பனிக்கட்டி மூட்டம் என்றே சொல்லலாம்.

கலைக்கக் காற்றாவது வீசக் கூடாதா? ஃபேர்பேங்க்ஸ் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. டிசம்பர் கடைசியில் பகல் நான்கு மணி நேரம்கூட இல்லை. தரை இருந்த வெப்பத்தையும் வானுக்கு இறைத்துவிட, கனத்த குளிர்காற்று கீழே தேங்கி, அதன்மேல் வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் அமர்ந்துவிடுகிறது. போகி காலையில் சென்னையைப் புகை அமுக்குவதும் இத்தகைய மூடியால்தான்.

இந்த மூட்டத்தை ஒரு காற்று மாசாகவே கருதி, ஊர் எங்கெங்கிருந்து எவ்வளவு நீராவியை வெளியேற்றுகிறது என்று 1960களில் கணக்கெடுத்தவர் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் கார்ல் பென்சன். வாகனங்கள் மட்டுமல்லாமல், மின்நிலையங்களின் குளிர்விப்பு நீரும் பெரும் குற்றவாளி என்று அவர் காட்டினார். தன் வாசலில் இருக்கும் தொல்லையை ஆராய ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பணமும் உரிமையும் இருந்ததை எண்ணிப் பொறாமைப்படுகிறேன். போகிப் புகைக்கும் நம்மிடம் அப்படி ஆண்டு தவறாத நிதி வேண்டும். ஒரு நாள் அளவீட்டுச் செய்தியோடு முடிந்துவிடக் கூடாது.

அந்த மின்கம்பிக்கும் மூட்டத்துக்கும் உள்ள தொடர்பு இப்போது புரிந்திருக்கும். முன்பே சூடான என்ஜினை, வாசலில் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டியதில்லை. பெட்ரோல் மிச்சம், அந்த அளவுக்கு நீராவியும் மிச்சம். அந்தத் தம்பதி நகரை விட்டு மலைமேல் யாரையாவது பார்க்கப் போனால், ஏற ஏறக் குளிர் குறையும். மேலே தெளிந்த வானம். திரும்பிப் பார்த்தால் அவர்கள் வந்த தெரு, வெள்ளைப் போர்வைக்குக் கீழே இருக்கும்.