மாயாற்றுப் பள்ளத்தைக் காப்பது எந்தச் சட்டம்? அதன் கரையில் வாழ்வோருக்கு என்ன உரிமை?

முதுமலைக்குப் போய்வந்தவர்களில் பலர் தெப்பக்காட்டுப் பாலத்தின் மேல் நின்று மாயாற்றைப் பார்த்திருப்பார்கள். அங்கே அது மரநிழலில் ஓடும் சாதாரணக் காட்டாறு. கிழக்கே மாயார் ஊரைத் தாண்டியதும் அருவியாக விழுந்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள பாறைப் பள்ளத்துக்குள் இறங்கிவிடுகிறது. பழைய வரைபடங்களில் 'மைசூர் டிட்ச்' என்று இருப்பது இந்தப் பள்ளம்தான். வடகரையில் கர்நாடகத்தின் பந்திப்பூர் காடு, தென்கரையில் நீலகிரியின் சீகூர் பீடபூமி. பள்ளத்தைக் கடந்த ஆறு சமவெளிக்கு வந்து பவானிசாகர் அணையில் சேர்கிறது.

இந்த இடத்தை அரசு எப்படிக் காக்கிறது என்று கேட்டால், "அது ஃபாரஸ்ட் ஏரியா, யாரும் எதுவும் செய்ய முடியாது" என்று ஒரே வரியில் பதில் வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. பள்ளத்துக்குள் யாரும் விடுதி கட்டப்போவதில்லை. செங்குத்துப் பாறையே அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆபத்தெல்லாம் மேலே, கரையில்தான்: யானை நடக்கும் வழியில் போடும் வேலி, செத்த மாட்டின் உடம்பில் தங்கியிருக்கும் ஊசிமருந்து, யாரையும் கேட்காமல் எடுக்கும் முடிவு. சட்டம் காவல் நிற்க வேண்டிய இடம் அது. அங்கே ஒரு சட்டம் இல்லை, பல சட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு துண்டைக் காக்கிறது.

முதலில் பட்டங்களைப் பற்றிய ஒரு தெளிவு. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி 1986இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,520 சதுர கிலோமீட்டர். 2000இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பில் சேர்ந்தது. மாயாறு இதற்குள் வருகிறது. ஆனால் உயிர்க்கோளக் காப்பகம் என்பது ஓர் அங்கீகாரம் மட்டுமே. அதை வைத்து யார் மீதும் வழக்குப் போட முடியாது. அதேபோல, மேற்குத் தொடர்ச்சி மலை 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது உண்மை. ஆனால் அந்த அறிவிப்பு மலை முழுவதற்கும் உரியதல்ல, குறிப்பிட்ட 39 இடங்களுக்கு மட்டும்தான். நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்கா அதில் இருக்கிறது, முதுமலை இல்லை. எனவே "யுனெஸ்கோ பார்த்துக்கொள்ளும்" என்ற நம்பிக்கை மாயாற்றுக்குப் பயன்படாது. நம் நாட்டுச் சட்டங்கள்தான் துணை.

அவற்றில் முதன்மையானது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 1940இலேயே சரணாலயமான முதுமலை, 2007இல் புலிகள் காப்பகமானது. உள்மண்டலம் 321 சதுர கிலோமீட்டர்; சீகூர் பக்கத்துக் காடுகள் சேர்ந்த வெளிமண்டலம் 367.59 சதுர கிலோமீட்டர். ஆறு கீழே இறங்கும் பக்கத்தில் சத்தியமங்கலம் காடும் 2013இல் புலிகள் காப்பகமாகிவிட்டது. உள்மண்டலம் விலங்குகளுக்கானது, குடியிருப்பு, சாகுபடி போன்றவை அங்கே இருக்கக்கூடாது என்பது நோக்கம். வெளிமண்டலத்தில் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ வேண்டும், அங்குள்ளவர்களின் வாழ்வாதாரத்தைச் சட்டம் மதிக்க வேண்டும். சீகூர் பக்கத்து ஊரான மசினகுடியின் மக்கள் வெளிமண்டலத்தில் இருப்பவர்கள். "புலிகள் காப்பகம் என்றால் எல்லோரையும் காலி செய்துவிடுவார்கள்" என்று பரவும் பேச்சு அவர்களுக்குப் பொருந்தாது.

காப்பகத்துக்குள் ஒரு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற வேண்டுமானால் மாநில அரசு தனியாக முடிவெடுக்க முடியாது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையும் தேசிய வன உயிரின வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். காட்டு நிலமாக இருந்தால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் அனுமதியும் தேவை. சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு வார்த்தை: அனுமதிச் சீட்டு இல்லாமல் காப்பகத்துக்குள் நடப்பது, நெருப்பு மூட்டுவது இரண்டும் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பொதுவான மீறல்களுக்கே 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பள்ளத்தின் விளிம்பில் நின்று ரீல்ஸ் எடுக்கக் காட்டுக்குள் அழைத்துப் போகிறேன் என்று ஜீப்காரர் யாராவது சொன்னால், மாட்டிக்கொள்ளப்போவது நீங்களும்தான்.

அடுத்தது யானை வழித்தடம். ஒரு பக்கம் நீலகிரி மலைச்சரிவு செங்குத்தாக எழுகிறது, மறுபக்கம் மாயாற்றுப் பள்ளம். இரண்டுக்கும் இடையில் யானைக்குக் கிடைப்பது சீகூர் பீடபூமியின் ஒடுங்கிய தரை மட்டும்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே போய்வரும் கூட்டங்கள் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். அங்கே ஒரு மின்வேலி போட்டால், யானை சுற்றிப்போக வேறு வழியே இல்லை; பாறையில் ஏறவும் முடியாது, பள்ளத்தில் இறங்கவும் முடியாது. 

தமிழக அரசு 2010 ஆகஸ்ட் 31 அன்று ஓர் அரசாணை மூலம் இந்த வழித்தடத்தை அறிவித்தது. விடுதி உரிமையாளர்கள் எதிர்த்துப் போனார்கள். 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. மேல்முறையீட்டில், 2018இல் சீகூர் பகுதியின் பல விடுதிகளுக்குச் சீல் வைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைசியில் 2020 அக்டோபர் 14 அன்று, வழித்தடத்தை அறிவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. தங்கள் நிலத்துக்கு இது பொருந்தாது என்று சொல்பவர்களின் முறையீட்டைக் கேட்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. 

அந்தத் தீர்ப்பு வந்த சில மாதங்களில், 2021 ஜனவரியில், மசினகுடி அருகே ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த காட்டு யானை மீது எரியும் டயரை வீசினார்கள். காதும் தலையும் வெந்து, அந்த யானை இறந்தது. வழித்தடம் என்ற சொல்லைக் கேட்டதும் நிலத்தகராறு என்று மட்டும் நினைப்பவர்கள் அந்த யானையையும் நினைக்க வேண்டும்.

இந்தப் பகுதியில் மனை வாங்க நினைப்பவர்கள் பட்டா ஒன்றை மட்டும் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். நிலம் வழித்தட வரைபடத்துக்குள் வருகிறதா என்று வனத்துறையிலும், கட்டட அனுமதி கிடைக்குமா என்று 'ஹாகா' என எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளிலும் பார்க்க வேண்டும். தனியார் நிலமாகவே இருந்தாலும், 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தால் மரம் வெட்டவும் விற்கவும் கட்டுப்பாடு உண்டு.

இனி பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று ஊரில் சொல்லும் பறவை. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறு அதிகம் மிஞ்சியிருப்பது மாயாற்றுப் படுகையில்தான். ஆற்றோரத்து நீர்மருது மரங்களின் உச்சியில் குச்சிகளை அடுக்கிக் கூடு கட்டும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. கருங்கழுத்துப் பாறுக்கு மரம் தேவையில்லை, செங்குத்துப் பாறையின் விளிம்பு போதும். இப்படி ஆற்றையும் பாறையையும் நம்பி வாழும் பறவையை வீழ்த்தியது வேட்டைத் துப்பாக்கி அல்ல, மாட்டுக்குப் போட்ட வலிநிவாரணி ஊசி. டைக்குளோஃபினாக் போட்ட மாடு இறந்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழக்கும். 1990களில் தொடங்கி இந்தியாவில் பாறுகளின் எண்ணிக்கை 95 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. ஆண்டுக்கு ஒரு குஞ்சு என்ற கணக்கில் அந்த இழப்பை ஈடுகட்ட எத்தனை காலம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கான விதிகள் மருந்துச் சட்டத்தில் இருக்கின்றன. கால்நடைகளுக்கான டைக்குளோஃபினாக் 2006இல் விலக்கப்பட்டு, 2008இல் அரசிதழ் வழியாகத் தடை உறுதியானது. மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கம் தொடர்ந்ததால், 2015இல் ஊசிக்குப்பியின் அளவு 3 மில்லிலிட்டர் என்று கட்டுப்படுத்தப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் இரண்டும் 2023 ஜூலையில் கால்நடைகளுக்குத் தடையாயின. 2024 டிசம்பரில் நிமிசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மாடு வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய மருந்து மெலாக்சிகாம். அது பாறுகளுக்கு ஆபத்தில்லாதது, விலையும் தாங்கக்கூடியது. மருந்துக்கடையில் தடைசெய்யப்பட்ட ஊசியைக் கொடுத்தால், மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். புலி அடித்த மாட்டின் உடலில் கோபத்தில் விஷம் தடவுவது பாறுகளுக்கு அடுத்த எமன். அந்த மாட்டுக்கு அரசிடம் இழப்பீடு உண்டு. உடலை அப்படியே விட்டுவிட்டு உடனே வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். காட்டுவிலங்கு தாக்கி மனிதர் இறந்தால் தரும் கருணைத் தொகையை மத்திய அமைச்சகம் 2023இல் 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தியிருக்கிறது.

இவ்வளவும் காட்டைக் காப்பதற்கு. அந்தக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் இருளருக்கும் குறும்பருக்கும் உள்ள உரிமையைச் சொல்வது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். என் பார்வையில், மாயாற்றுக் கரைக்கு மிக அவசியமான சட்டம் இதுதான். மக்களுக்கு மிகக் குறைவாக விளக்கப்பட்டதும் இதுதான். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எல்லாவற்றிலும் இது செல்லும். தமிழகத்தில் உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகுதான் வேலை நகரத் தொடங்கியது. 

பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் வாழ்ந்து உழுதிருந்தால், குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை, உண்மையில் பயிரிட்டு வரும் அளவுக்கு உரிமை கேட்கலாம். பழங்குடி அல்லாதவர்கள் 75 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறை, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தேன், கடுக்காய், நெல்லி, சீமாறுப்புல் போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் ஊருக்கு உரிமை உண்டு. மீன்பிடி, மேய்ச்சல், பாரம்பரியமாகக் காத்துவந்த காட்டைத் தொடர்ந்து காக்கும் உரிமையும் உண்டு. தனிநபர் உரிமைக்கு 'அ' படிவம், சமூக உரிமைக்கு 'ஆ' படிவம், ஊர்க்காடு முழுவதற்குமான உரிமைக்கு 'இ' படிவம்.

விண்ணப்பத்தை ரேஞ்சர் ஆபீஸில் கொடுக்க வேண்டியதில்லை. கிராம சபைதான் தொடக்கம். இங்கே கிராம சபை என்றால் ஊராட்சி முழுவதற்குமான கூட்டம் அல்ல, அந்தந்தக் குடியிருப்பின் கூட்டமே போதும். அதில் பாதிப்பேர் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கூட்டம் வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும்; குழு நேரில் வந்து பார்க்கும். ஆவணம் எதுவும் இல்லையே என்று பின்வாங்காதீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினாலே அது ஒரு சான்று. பழைய கல்லறை, கிணறு, கோயில் இடம், குடும்ப அட்டை எல்லாம் சான்றுதான். விதி கேட்பது இரண்டு சான்று. கிராம சபை அனுப்பிய விண்ணப்பத்தைக் கோட்ட அளவிலான குழு மறுத்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். முடிவு வரும்வரை உங்களை வெளியேற்ற முடியாது.

இடமாற்றத்துக்கும் இதே சட்டம் வேலி போடுகிறது. புலிகள் காப்பகத்தின் உள்மண்டலத்திலிருந்து விரும்பி வெளியேறும் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. 2021க்கு முன்பு அது 10 லட்சம். பணமாக வாங்கலாம், அல்லது வனத்துறை நிலமும் வீடும் ஏற்பாடு செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதற்கு முன்பு உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும், கிராம சபை எழுத்தில் சம்மதிக்க வேண்டும், போகும் இடத்தில் வசதிகள் தயாராகியிருக்க வேண்டும். காலியான இடத்தைப் பிறகு அரசு உட்பட யாருக்கும் வேறு பயன்பாட்டுக்குத் தரக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. விலங்குகளுக்காகத்தான் போகச் சொன்னார்கள் என்பதற்கு உத்தரவாதம் இந்த ஒரு வரி.

பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் தெங்குமரஹடா இருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கி மாயாற்றைப் பரிசலில் கடந்து போக வேண்டிய ஊர். அங்குள்ள 495 குடும்பங்களை இடம் மாற்ற 74.25 கோடி ரூபாயை விடுவிக்கும்படி தேசியப் புலிகள் ஆணையத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. குடும்பத்துக்கு 15 லட்சம் என்ற கணக்குதான் அது. பெருக்கெடுத்த ஆற்றைக் கடந்து நோயாளியைத் தூக்கிப்போனவர்கள் அங்கே வெளியேற விரும்புவதில் வியப்பில்லை. விளைந்த வயலை விட்டுப்போக மனமில்லாதவர்களும் இருப்பார்கள். இருவருடைய விருப்பத்தையும் தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் பதிவு செய்வதுதான் முறை.

விதிமீறலைப் பார்த்தால் எங்கே போவது? சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். காட்டு நிலத்தை மாற்றியது, ஆற்றில் கழிவு விட்டது போன்றவற்றுக்கு அது சரியான இடம். வன உயிரினச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் அதன் வரம்பில் இல்லை. அவற்றுக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டும். வழித்தட வரைபடம், கட்டட அனுமதி நகல், நிராகரிப்புக்கான காரணம் எல்லாவற்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம். வன உயிரினச் சட்டத்தின் 55ஆம் பிரிவு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. குற்றம் நடந்தது தெரிந்தும் துறை அசையவில்லை என்றால், வழக்குத் தொடுக்கப் போகிறேன் என்று அரசுக்கோ உரிய அலுவலருக்கோ 60 நாள் முன்னறிவிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, குடிமகன் யாரும் நேராக நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். முன்னறிவிப்பை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். 60 நாள் கணக்கைக் காட்ட உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.