கக்குகிற பாலும் ஏறாத எடையும்

புது வண்ணாரப்பேட்டையில் தங்கை வீட்டு மாடிக் கொடியில் தினமும் இருபது துண்டுகளாவது காயும். எல்லாம் பாப்பா கக்கிய பாலைத் துடைத்தவை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவன், இப்போது இரண்டு மாதம். "கக்கின பிள்ளை தக்கும், வுடும்மா" என்கிறார் பக்கத்து போர்ஷன் ஆயா. ஆனால் அங்கன்வாடித் தராசில் போன வாரம் 90 கிராம்தான் ஏறியிருந்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏற வேண்டும். குடிக்கிறதை எல்லாம் கக்கிவிட்டால் எடை எங்கிருந்து ஏறும் என்பது தங்கையின் கணக்கு.

பால் புகட்டும் பாலாடையில் இரண்டு டீஸ்பூன் பால், அதாவது 10 மில்லி, எடுத்து ஒரு பழைய வேட்டித் துணியில் ஊற்றினேன். உள்ளங்கையைவிடப் பெரிதாக ஈரம் பரவியது. "இவ்ளோதாண்ணா அவனும் கக்குவான்" என்றாள். ஆறு முறை கக்கினாலும் 60 மில்லி. ஒரு மாதம் தாண்டிய குழந்தை நாளைக்குக் குடிக்கும் தாய்ப்பால் சராசரியாக 750 மில்லி. கக்கியதிலும் பாதி எச்சில்தான் என்று தோன்றும், அவ்வளவு கொழகொழப்பு.

சரி, ஏன் கக்குகிறது? உணவுக்குழாய் முடிந்து இரைப்பை தொடங்கும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கும் அக்காக்கள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாய் மாதிரி. விழுங்கும்போது திறக்கும், பிறகு இறுகும். வயிறு உப்பினால், விழுங்காதபோதும் சில நொடிகள் தானாகத் தளரும். காற்று ஏப்பமாக வெளியேற உடம்பு வைத்திருக்கும் வழி அது. பெரியவர்களுக்கும் தளரத்தான் செய்கிறது. ஆனால் நமக்குக் குழாய் நீளம், நிமிர்ந்து இருக்கிறோம். பாப்பாவுக்குக் குழாய் குட்டை, சாப்பாடு முழுக்கத் திரவம், நாள் முழுக்கப் படுக்கை. காற்றோடு பாலும் வந்துவிடுகிறது.

ஆக, எடை ஏறவில்லை என்றால் வெளியே வருவதைவிட உள்ளே போவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பார்த்தோம். காம்பை மட்டும் கவ்விச் சப்புகிறான், விழுங்கும் சத்தமே அபூர்வம். அப்படிச் சப்பினால் பால் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகலாம். மிச்சப்பட்ட பால் மார்பிலேயே தங்க, சுரப்பும் மெல்லக் குறையும். மார்பு காலியாகக் காலியாகத்தான் புதுப்பால் வேகமாக ஊறும். தடுப்பூசி போடும் நர்ஸம்மா பத்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்: வாய் அகலத் திறந்ததும் கருவட்டத்தோடு சேர்த்துக் கவ்வ வேண்டும், கீழுதடு வெளியே மடங்க வேண்டும், தாடை மார்பில் அழுந்த வேண்டும். ஒரு பக்கம் நன்றாகக் குடித்து முடித்த பிறகே மறுபக்கம். கொழுப்பு அதிகமுள்ள பால் கடைசியில்தான் வரும்.

கிரைப் வாட்டரும் சர்க்கரைத் தண்ணீரும் அந்தச் சின்ன வயிற்றில் பாலின் இடத்தை அடைத்துக்கொள்ளும். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது, பொட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரலாம். பால் குடித்ததும் தூளியில் போட்டால் உடம்பு மடங்கி வயிறு அழுந்தும். இருபது நிமிஷம் தோளில் நிமிர்த்திப் பிடிப்பது நல்லது. தூங்கவைப்பது மட்டும் எப்போதும் மல்லாத்தித்தான். புரையேறும் என்று ஆயா பயப்படுகிறார். ஆனால் மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. வந்த பால் கீழேயே வழிந்துவிடும். குப்புறப் போட்டால்தான் நிலைமை தலைகீழ்.

பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம், பீய்ச்சியடிக்கும் வாந்தி, நாளைக்கு ஆறு முறைக்கும் குறைவான சிறுநீர், இவற்றில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும். எடை தொடர்ந்து மந்தமாக ஏறினாலும் காட்டத்தான் வேண்டும். எடையை ஒரே தராசில், துணியில்லாமல் பார்க்கணும். நனைந்த லங்கோடே கணக்கைக் கெடுத்துவிடும்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். அந்த வாரம் 190 கிராம் ஏறியிருந்தது. கொடியில் அதே இருபது துண்டு.