ப்ரீ ஒர்க்அவுட் பவுடர்: டப்பாவில் எழுதியது உள்ளே இருக்கா என்று சோதிக்க உங்களுக்கு உரிமை உண்டு

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் விடியுமுன்னே போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் ஓடிப் பழகும் பையன்கள் பலர். உடற்பயிற்சிக்கு முன்னே தெம்புக்காகக் குடிக்கும் ப்ரீ ஒர்க்அவுட் பவுடரை ஷேக்கர் பாட்டிலில் கலக்கிக் குடித்துவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு. "குடிச்சதும் மூஞ்சி, கையெல்லாம் குறுகுறுன்னு வரணும்லே, அப்பதான் ஒரிஜினல்" என்பது அவர்களுக்குள் ஓடும் பேச்சு. அது சரியில்லை. அந்தக் குறுகுறுப்பு பீட்டா அலனைன் என்ற பொருள் தருவது. போலி டப்பாவிலும் அதைப் போடலாம்.

இந்தப் பவுடர்கள் சட்டப்படி மருந்து அல்ல, உணவு. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்துக்குள் வருகின்றன. டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் வேண்டும். 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்ற சொல்லும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற எச்சரிக்கையும், ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற அளவும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இங்கே இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஹார்மோன், ஸ்டீராய்டு சேர்க்கவே கூடாது. ஜிம்மில் பெரிய டப்பாவைப் பிரித்து, பேர் ஊர் இல்லாத கவரில் ஸ்கூப் கணக்கில் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள்.

உடம்பில் வேலை செய்யும் ஒவ்வொரு பொருளும் எத்தனை மில்லிகிராம் என்று லேபிள் சொல்ல வேண்டும். 'எனர்ஜி பிளெண்ட்' என்று மொத்தமாக ஒரு எண்ணை மட்டும் போட்டிருந்தால், அதில் காஃபீன் எவ்வளவு என்பது மறைந்துபோகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீனுக்கு மேல் கூடாது என்பது பொதுவான கணக்கு. ஒரு ஸ்கூப்பிலேயே 200, 300 இருக்கும் பவுடர்கள் உண்டு. அதோடு நாலு காப்பியும் சேர்ந்தால் இதயம் படபடக்கும். டிஎம்ஏஏ என்றோ, ஜெரேனியம் சாறு என்றோ எழுதியிருந்தால் டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஆபத்தானது என்று ஒதுக்கிய ஊக்கப் பொருள் அது. மாநில, தேசியப் போட்டிகளில் ஆடும் கபடிப் பையன்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தெரியாமல் குடித்தேன் என்றாலும் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் பொறுப்பு ஆடுகிறவருக்குத்தான்.

லேபிளையே நம்ப முடியவில்லை என்றால்? சட்டத்தின் 40-வது பிரிவு பலருக்குத் தெரியாது. வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதைப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் தோன்றினால் இந்த வழி கிடையாது. விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் நம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது, சென்னைக்கு ஓட வேண்டாம். உங்களுக்கு வேண்டிய சோதனை அங்கே நடக்குமா, கட்டணம் எவ்வளவு என்பதைப் பவுடர் வாங்கும் முன்னே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவில்லாத வழி புகார். உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு டப்பாவின் எல்லாப் பக்கங்களையும், பேட்ச் எண்ணையும், பில்லையும் படமெடுத்து அனுப்புங்கள். அதிகாரி கடையில் மாதிரி எடுத்தால், பகுப்பாய்வாளர் அதைப் பெற்ற 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரையும், பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையும் அபராதம் உண்டு. பாதுகாப்பற்ற உணவு என்றால் அது குற்றவழக்கு.

கொடுத்த காசு திரும்ப வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிட்டுப் பாருங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு ஆணையத்தில் வழக்குக் கட்டணமே இல்லை. ஆனால் பில் வேண்டும். பில் தர யோசிக்கிற கடையில் எத்தனை சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குடித்தபின் நெஞ்சு வலித்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, முதலில் 108. ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன குடித்தான் என்பது டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும்.