ஸ்டார்ட் ஆகாத மோட்டார் ஆளைக் கொல்லாது

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருபவை பெரும்பாலும் காப்சாய்கள்தான், அதாவது சின்ன எஞ்சின் மோட்டார் சைக்கிள்கள். பழைய ஹோண்டா இஎக்ஸ்5, மோடனாஸ் கிறிஸ், யமஹா லகெண்டா, இளைஞர்கள் ஓட்டும் ஒய்15. செம்பனை வெட்டுக்குப் போகிறவர், உரம் போடுகிறவர், ஆலையில் ஷிப்டு பார்க்கிறவர், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு ஈப்போவுக்கு வேலைக்கு ஓடுகிறவர் என்று எல்லாருக்கும் இந்த வண்டி இல்லாமல் பொழுது விடியாது.

வண்டியை எதற்காகப் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி போய்விட்டது, பிக்கப் இல்லை, புகை வருகிறது. இப்படி ஏதாவது என்றால் அன்றைக்கே வந்துவிடுகிறார்கள். பிரேக் சரியில்லை என்று வருகிறவர்கள் குறைவு. டயர் தேய்ந்துவிட்டது என்று தானாகக் கேட்டு வருகிறவர்கள் அதைவிடக் குறைவு. பிளக் போனால் வேலைக்குப் போக முடியாது, அன்றைய சம்பளம் போச்சு. பிரேக் ஷூ தேய்ந்திருந்தாலும் வண்டி கிளம்பும், போகும், வரும். அதனால் அதை யாரும் ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஸ்டார்ட் ஆகாத வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கும், அதனால் யாருக்கும் அடிபடாது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத வண்டிதான் ஆளைக் கொண்டுபோகிறது. 2019-இல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,167 பேர். பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். எல்லாமே வண்டிக் கோளாறால் வந்த சாவு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அடிபட்ட வண்டிகளும் என் பட்டறைக்கு வருகின்றன. அவற்றில் சிலவற்றின் டயரையும் பிரேக்கையும் பார்க்கும்போது, கொஞ்சம் முன்னாலேயே இந்த வண்டியை நான் பார்த்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் உரம் போடும் அக்கா ஒருவர் ஹார்ன் அடிக்கவில்லை என்று வந்தார். "தம்பி, ஹார்ன மட்டும் பாத்துக் குடு, மகனக் கூட்டிட்டு வரப் போகணும்" என்றார். ஒயர் முனை துருப்பிடித்திருந்தது, சின்ன வேலைதான். குனிந்திருந்தபோது பின் சக்கரம் கண்ணில் பட்டது. பிரேக் ராடின் முனையில் ஒரு நட்டு இருக்கும் அல்லவா, அது மரையின் கடைசிச் சுற்றுவரை போயிருந்தது. இனி இறுக்க இடமே இல்லை.

"யாருக்கா இத இறுக்குனது?"

"நான்தான். லூசாகுறப்ப ஒரு சுத்து இறுக்கிக்குவேன். கால் வச்சா பிடிக்குதே தம்பி."

அவர் செய்ததில் பாதி சரி. அந்த நட்டு இறுக்குவதற்குத்தான் இருக்கிறது. உள்ளே ஷூ தேயத் தேய மிதிகட்டை இறங்கிக்கொண்டே போகும், நட்டை இறுக்கினால் மேலே வரும். ஆனால் ஒவ்வொரு சுற்று இறுக்கும்போதும் உள்ளே அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சக்கரத்தைக் கழற்றினேன். ஷூவில் ஒட்டியிருக்கும் பட்டை ஒரு முனையில் முழுதாகப் போய், அலுமினியமே டிரம்மில் உரசிக்கொண்டிருந்தது. டிரம்மின் உள்சுவரில் வளையம் வளையமாகக் கீறல். கருந்தூளும் செம்மண்ணும் கலந்து பசையாக ஒட்டியிருந்தது. கையில் எடுத்துக் காட்டினேன். "இதுலயா பிள்ளைய ஏத்திக்கிட்டுப் போனேன்?" என்றார். புது ஷூ ஒரு ஜோடி இருபது வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

டிரம் பிரேக்கில் ஷூ ரொம்பத் தேய்ந்துவிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் மிதிக்கும்போது உள்ளே ஒரு கேம் திரும்பி இரண்டு ஷூக்களையும் வெளியே தள்ளுகிறது. ஷூவில் பட்டை இல்லையென்றால் கேம் அளவுக்கு மேல் திரும்ப வேண்டியிருக்கும். அப்படித் திரும்பி மாட்டிக்கொண்டால் காலை எடுத்த பிறகும் பிரேக் விடாது, சக்கரம் இறுகிவிடும். மழையில் ஓடும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைக் கண்டுபிடிக்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். பின் சக்கரத்தில் பிரேக் ராடு வந்து மாட்டும் கை இருக்கிறதே, அதன் அடியில் பாருங்கள். பெரும்பாலான டிரம் பிரேக் காப்சாய்களில் அங்கே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், பக்கத்துத் தட்டில் ஒரு முக்கோண அடையாளமும் இருக்கும். மண் அப்பியிருந்தால் பழைய துணியால் துடைத்துவிடுங்கள். பிள்ளையை விட்டு மிதிகட்டையை நன்றாக மிதிக்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது. அதன் பிறகு நட்டை இறுக்குவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. டிஸ்க் பிரேக் வண்டியென்றால் பேடின் கனத்தையும், கைப்பிடியருகே உள்ள சின்னக் கண்ணாடியில் எண்ணெய் அளவையும் பாருங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் மழைக்கும் வெக்கைக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுவது நல்லது.

அப்புறம், முன் பிரேக்கைத் தொடவே கூடாது, தொட்டால் குப்புற விழுவோம் என்று பெரியவர்கள் பலர் நம்புகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கை முன் சக்கரம்தான் செய்யும். தார்ச் சாலையில் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள், முன்னதை அழுத்தி, ஆனால் வெடுக்கென்று இல்லாமல். செம்மண் சேற்றிலும், லோரியிலிருந்து செம்பனைப் பழம் உதிர்ந்து நசுங்கிக் கிடக்கும் இடங்களிலும் முன் பிரேக்கை மிக மெதுவாகத்தான் தொட வேண்டும். அங்கே பிரேக் பிடிப்பதைவிட முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதுதான் சரி. மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு வினாடிக்குள் 16 மீட்டருக்கு மேல் போயிருப்போம். கண் பார்த்து கை பிரேக்குக்குப் போவதற்கே ஏறத்தாழ அந்த ஒரு வினாடி ஆகிவிடுகிறது.

செயினுக்கு வருகிறேன். இஎக்ஸ்5-இல் செயின் முழுதாகக் கவருக்குள் இருக்கிறது. சேறு படாமல் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு. ஆனால் கண்ணில் படாததால் மாதக்கணக்கில் யாரும் நினைப்பதே இல்லை. கவரில் ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருக்கும். அதைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, விரலால் செயினை மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். நடு இடத்தில் இரண்டரையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரை ஆடினால் பெரும்பாலான காப்சாய்களுக்குச் சரி. உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும் அளவே கடைசிப் பேச்சு. சக்கரத்தை உருட்டி நான்கைந்து இடங்களில் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் தொளதொளவென்றும் இன்னோரிடத்தில் விறைப்பாகவும் இருந்தால் அந்தச் செயினின் ஆயுள் முடிந்தது, இறுக்கிப் பயனில்லை. ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாக வளைந்து கொக்கிபோல் ஆகியிருந்தாலும் அப்படித்தான். செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

ஓடும்போது செயின் அறுந்தால் வண்டி சும்மா நின்றுவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அறுந்த செயின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே செயின் இறுக்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும். இடப்பக்கம் எத்தனையாவது கோட்டில் நிற்கிறதோ அதே கோட்டில் வலப்பக்கமும் நிற்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாக ஓடும். அடுத்தது, நிறையப் பேருக்குத் தெரியாதது. செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் நகர்த்துகிறீர்கள் அல்லவா, அப்போது பிரேக் ராடும் இழுபட்டுப் பின் பிரேக் தானாக இறுகிவிடும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் பிரேக் சதா உரசிக்கொண்டே இருக்கும், டிரம் சூடேறும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். செயினைத் தொட்டால் பிரேக்கையும் சரிபார்க்க வேண்டும், பிரேக் லைட் எரிகிறதா என்பதையும் சேர்த்து. ஆக்சில் நட்டை முழுதாக இறுக்கினீர்களா என்று கடைசியில் ஒருமுறை ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். கொட்டர் பின் உள்ள வண்டியென்றால் புதுப் பின் போடுங்கள். வளைத்து நிமிர்த்திய பழைய பின் எப்போது முறியும் என்று சொல்ல முடியாது. செயினின் இணைப்புக் கிளிப்பைக் கழற்றிப் போட்டால், அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், பிளவுபட்ட பக்கம் பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

கழற்றி ஊற்றிய பழைய மின்யாக் ஈத்தாமை, அதாவது கறுத்துப்போன எஞ்சின் ஆயிலை, செயினுக்குத் தடவுவது தோட்டப் பக்கத்தில் வழக்கம். விட்டுவிடுங்கள். அதில் எஞ்சினின் இரும்புத்தூள் கலந்திருக்கிறது, அது செயினை உள்ளிருந்தே தேய்க்கும். செயினுக்கென்று விற்கும் எண்ணெயைக் கொஞ்சமாகப் போட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும்.

டயரில் எல்லாரும் பூவைத்தான், அதாவது தரையைத் தொடும் பக்கத்துப் பள்ளமேடுகளைத்தான், பார்க்கிறார்கள். நான் முதலில் காற்றடிக்கும் வால்வைப் பார்ப்பேன். டியூப் போட்ட சக்கரத்தில் வால்வு ரிம்முக்கு நேராக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால், காற்றுக் குறைந்து டயர் ரிம்மில் வழுக்கி டியூபையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று பொருள். அந்த இழுப்பில் வால்வின் அடி கிழிந்தால் காற்று மெல்ல இறங்காது, ஒரேயடியாகப் போய்விடும். காற்றழுத்த அளவு செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்குக் கூடுதல் அளவு தனியாகப் போட்டிருப்பார்கள். பெட்ரோல் நிலையத்தில் காற்று இலவசம்தான். மீட்டர் கிலோபாஸ்கலில் காட்டினால் குழம்ப வேண்டாம், 200 என்றால் 29 பிஎஸ்ஐ. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும், அதனால் காலையிலேயே அடித்துவிடுவது நல்லது.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயரை நம்பாதீர்கள். அழகுக்காக மெல்லிய டயர் மாட்டும் தம்பிகளிடம் நான் நேராகவே சொல்லிவிடுகிறேன், அதை நான் மாட்டித்தர மாட்டேன் என்று. தரையைப் பிடிக்கிற ரப்பரைக் குறைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினால் மழை நாளில் தப்பிக்க வழியில்லை. நம் பக்கத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால இடிமழை கொட்டும்போது செம்மண் வழிந்து தார்ச் சாலைக்கு வந்துவிடுகிறது. தோட்டத்து மண்பாதை பெரிய சாலையில் சேரும் அந்த முனையில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

விளக்கு. பகலிலும் முன் விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் சட்டம். ஆனால் பின் விளக்கு எரியாதது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறவர்கள் இருட்டில் போகிறார்கள், பின்னால் குலை ஏற்றிய லோரி வருகிறது. கிளம்புமுன் பிரேக்கை மிதித்துச் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள். சேறு மூடியிருந்தால் துடைத்துவிடுங்கள். பல்பு சில வெள்ளிதான்.

தோட்டத்துக்குள்தானே என்று ஹெல்மெட் போடாமல் போவதும், பதினாறு வயது ஆகாத பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பதும் எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்லை. ஹெல்மெட் சட்டம் 1973-இல் வந்தது. இன்னமும் பட்டையைப் பூட்டாமல் தலையில் வைத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பூட்டாத ஹெல்மெட் விழும்போது முதலில் பறந்துவிடும். சிரிம் என்ற மலேசியத் தரமுத்திரை உள்ளதாக வாங்குங்கள், பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் அதன் தலை அளவில் ஒன்று. தோங் கேஸை, அதாவது சமையல் கேஸ் சிலிண்டரை, முன்னால் கால் இடத்தில் வைத்து, பின்னால் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கேஸ் மட்டுமே 14 கிலோ, சிலிண்டரின் எடை தனி. கைப்பிடி திரும்பாது, கால் பிரேக்குக்குப் போகாது.

உர வேலைக்குப் போகும் வண்டிகளை அன்றன்றே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பொட்டாஷ் உரம் உப்பைப் போலவே இரும்பை அரிக்கும், ஸ்போக்கும் பிரேக் ராடும் முதலில் போகும். ஆனால் பிரஷர் பைப்பைச் சக்கரத்தின் நடுவிலும் கைப்பிடித் தண்டின் அடியிலும் நேராகக் காட்ட வேண்டாம். பேரிங்குக்குள் தண்ணீர் போய் கிரீஸை அடித்துவிடும். கழுவியதும் டிரம் ஈரமாக இருக்கும். மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று தடவை லேசாகப் பிரேக் பிடித்து உலர்த்திக்கொண்டு பிறகு சாலைக்குப் போங்கள்.

ஆயில் மாற்றுவதை எல்லாரும் தவறாமல் செய்கிறார்கள் என்பதால் அதிகம் சொல்லவில்லை. காப்சாய் எஞ்சினுக்குள் போவது ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில். அதே ஆயிலில்தான் கிளட்சும் நனைகிறது. அதனால் டின்னில் ஜாசோ எம்ஏ (ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று இருப்பதை வாங்குங்கள், காருக்கு ஊற்றி மிச்சமிருப்பதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வீட்டில் மாற்றுகிறவர்கள் பழையதை வீட்டுப் பின்னால் வாய்க்காலில் கொட்டாமல் பாட்டிலில் பிடித்துப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். என்னிடம் அதற்கென்று பீப்பாய் இருக்கிறது. வந்த கையோடு பின் சக்கரத்து அம்புக்குறியையும் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள், பார்ப்பதற்கு நான் காசு வாங்குவதில்லை.