தழை நிறைய, கிழங்கு எங்கே?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். சமையலறைக் கூடையில் முளைவிட்ட உருளைக்கிழங்குகளை மாசி மாதம் மொட்டைமாடியில் ஒரு சாக்கில் நட்டிருக்கிறார். செடி இடுப்பளவு வளர்ந்து, தழை கரும்பச்சையாக மண்டியிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்களாம். வைகாசியில் சாக்கைக் கவிழ்த்தால் கோலிக்குண்டு அளவில் ஏழு கிழங்குகள்தான். ‘உரம் போதவில்லையா, அல்லது உண்மையிலேயே கண் பட்டுவிட்டதா?’ என்று கேட்டிருக்கிறார்.

உரம் போதாமல் இல்லை, அந்தத் தழையே சாட்சி. கண்ணும் படவில்லை. உடம்பெல்லாம் கண் வைத்திருக்கும் உருளைக்கிழங்குக்கு இன்னொருவர் கண் என்ன செய்துவிடும்? தவறு செய்தது மதுரையின் இரவு.

உருளைக்கிழங்கு வேரல்ல, தண்டு என்று பள்ளியிலேயே படித்திருப்போம். அதன் கண்கள் மொட்டுகள். சர்க்கரைவள்ளிக்கிழங்குதான் வேர். இதைத் தாண்டி நேரே மண்ணுக்குள் போய்விடலாம்.

நட்டு ஐந்தாறு வாரமான செடியின் அடிமண்ணைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் பாருங்கள். தண்டின் புதைந்த பகுதியிலிருந்து வெள்ளை வெளேரென்று, சணல் கயிறு பருமனில் சில கிளைகள் பக்கவாட்டில் ஓடும். ஒவ்வொன்றின் நுனியும் தூண்டில் முள்போல வளைந்திருக்கும். இந்த நிலத்தடித் தண்டுகள் ‘கிழங்காகு’ என்ற உத்தரவுக்காகக் காத்திருப்பவை. உத்தரவு வராவிட்டால் நீண்டுகொண்டே போய், மண்ணுக்கு மேலே வந்து இன்னொரு தழைக் கிளையாகிவிடும். வாசகியின் சாக்கில் அதுதான் நடந்திருக்க வேண்டும்.

உத்தரவு வந்துவிட்டால் நீளுவது நின்றுபோகும். நுனியை நீளச் செய்துகொண்டிருந்த ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் குறைகிறது. அதுவரை ஒரே வரிசையாகப் பிரிந்து நீளத்தைக் கூட்டிவந்த செல்கள் இப்போது எல்லாத் திசையிலும் பிரிகின்றன. தூண்டில் வளைவுக்குச் சற்றுப் பின்னால் ஒரு மிளகளவு வீக்கம் தெரியும். இலை சமைத்து அனுப்பும் சர்க்கரை அங்கே இறங்கி மாவாகிறது.

அந்த உத்தரவைப் போடுவது யார்? இலை. மண்ணுக்குள் நடப்பதை வெயிலில் நிற்கும் இலை தீர்மானிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. சோவியத் தாவரவியலர் மிகைல் சைலக்யான், பூக்கச் சொல்லும் ஒரு பொருள் இலையிலிருந்து கிளம்புகிறது என்று 1930-களிலேயே சொன்னவர். அவர் குழுவினர் பின்னாளில், பூக்கும் நிலைக்கு வந்த புகையிலைத் தண்டை உருளைக்கிழங்கின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டினார்கள். கீழே கிழங்கு பிடித்தது! பூக்கும் நிலைக்கு வராத புகையிலையை ஒட்டியதில் பிடிக்கவில்லை. ஆக, மேலே ‘பூ’ என்று சொல்லும் அதே வகைச் சொல் கீழே ‘கிழங்கு’ என்று கேட்கிறது. அந்தப் பொருள் ஒரு புரதம் என்பது இந்த நூற்றாண்டில்தான் உறுதியானது. அதன் உருளைக்கிழங்கு உறவான எஸ்பி6ஏ என்ற புரதம் இலையிலிருந்து நுனிக்குப் பயணப்படுவது 2011-இல் வெளியானது. எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட தேடல். மூன்றே ஆண்டில் ‘இதனால் உழவருக்கு என்ன லாபம்?’ என்று அறிக்கை கேட்கும் நம் ஆராய்ச்சி நிதிக் குழுக்களிடம் சைலக்யான் சிக்கியிருந்தால் முதல் தவணையோடு கடையைச் சாத்தியிருப்பார்.

உருளையின் தாயகம் ஆண்டிஸ் மலை. அங்கே நீளும் இரவும் குளிரும் உறைபனி வரப்போவதற்கான அறிகுறி; சேமிக்கத் தொடங்கு என்று பொருள். தமிழ்நாட்டில் பகல் எந்த மாதத்திலும் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை என்பதால் இரவின் நீளம் நமக்குச் சிக்கலே இல்லை. வெப்பம்தான் சிக்கல். இரவு 20 டிகிரிக்கு மேல் போகப்போக கிழங்கு பிடிப்பது குறைகிறது. மதுரையில் சித்திரை இரவு 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். வெப்பம் கூடினால் செடிக்குள் ஒரு குட்டி ஆர்என்ஏ பெருகி, எஸ்பி6ஏ உருவாவதையே தடுத்துவிடுகிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தினர் 2019-இல் அந்தக் குட்டியின் வாயைக் கட்டிப் பார்த்தார்கள்; வெப்பத்திலும் கிழங்கு பிடித்தது. ஊட்டியில் ஆண்டுக்கு மூன்று பருவம் நடுவதும், சமவெளியில் ஒன்றுக்கே திண்டாடுவதும் இதனால்தான்.

கிழங்கு நடக் கீழ்நோக்கு நாள் பார்க்கச் சொல்லும் நாட்காட்டி என் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. கிழியுங்கள் என்று சொல்லமாட்டேன். அதே தாளில் மாதம் போட்டிருக்கிறதே, அதைப் பாருங்கள். நட்ட ஐந்தாறு வாரத்தில் வரும் இரவுகள் மார்கழி, தை இரவுகளாக இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

கோவையில் நான் கார்த்திகை முதல் வாரம் நடுகிறேன். கடைக் கிழங்கே போதும், முளைக்காமலிருக்க மருந்திட்ட சரக்காக இல்லாவிட்டால். இரண்டு கண் இருக்கும்படி நறுக்கி, வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் வைத்து, பாதிச் சாக்கு மண்ணில் புதைக்கிறேன். செடி ஒரு சாண் எழும்பியதும் மேலும் மண் அணைப்பேன். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகி, சோலனின் என்ற நஞ்சு கூடிவிடும். மாசியில் இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திப் பத்து நாள் விடுவேன். பிறகு ஒரு கிழங்கைத் தோண்டிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பேன். தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் இன்னும் நான்கு நாள் பொறுப்பேன். போன முறை இரண்டு சாக்கில் ஒன்றே முக்கால் கிலோ கிடைத்தது. மதுரையில் தை இரவும் 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். சிம்லா உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் குஃப்ரி சூர்யா போன்ற வெப்பம் தாங்கும் ரகம் கிடைத்தால் வாய்ப்பு கூடும்.

அந்த ஏழு கோலிக்குண்டுகளில் பச்சை ஏறியவற்றை மட்டும் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.